தீராத வயிற்றுவலி

மாலை ஆறரைக்கு மேல்தான் காவல் நிலையங்களுக்குப் போன் அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் ரைட்டர் எரிந்து விழுவார். ஏழரை தாண்டினால் அலுவலகத்தில் பக்கத்தை மூடிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நாலு ஸ்டேஷன் விவரங்களையும் நோட்டில் வாங்கி, செய்தியாக எழுதி, ஃபேக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். கொங்குப் பக்கத்துத் தாலுகா ஊர் ஒன்றில் பகுதி நேர நிருபராகப் பதினோரு வருடம் இப்படி ஓட்டினேன். அச்சில் வந்த செய்தியின் நீளத்தை அளந்துதான் காசு. விபத்து, திருட்டு, சேவல் சண்டை, சாவு. இவற்றில் சாவுதான் தவறாமல் கிடைத்தது.

சாவுச் செய்திக்கு ஒரு வாய்பாடு உண்டு. பெயர், வயது, தெரு, இன்னாரின் மகன் அல்லது இன்னாரின் மனைவி. ‘கடந்த சில மாதங்களாகத் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். இதனால் மனமுடைந்த அவர்…’ என்று போய், எங்கே, எதனால், எப்படி என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, ‘போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்’ என்று முடியும். பத்து வரி. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். எழுதினேன். எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை, முந்நூறுக்குக் குறையாது.

எங்கள் தாலுகாவில் அத்தனை பேருக்கு வயிறு கெட்டிருந்தது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை.

அந்த வயிற்றுவலியைத் தனியாக ஒருவர் கண்டுபிடிக்கவில்லை. வீட்டார் சொன்னார்கள். ஏட்டு எழுதிக்கொண்டார். பிரேதத்தைச் சுற்றி நின்று பஞ்சாயத்தார் விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் எல்லோரும் அந்தத் தெருவில் பிறந்தவர்கள், உண்மை தெரிந்தவர்கள். நான் அனுப்பினேன். துணை ஆசிரியர் தலைப்புக் கொடுத்தார். காலையில் டீக்கடையில் பேப்பர் பிரித்தவர்கள் படித்துவிட்டு, “வயித்துவலியாமா” என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பினார்கள். ஒருவர்கூட நம்பவில்லை, ஒருவர்கூட மறுக்கவும் இல்லை. ஒரு ஊர் மொத்தமும் சேர்ந்து சொன்ன பொய் அது.

பொய் சொன்னவர்களுக்குக் காரணம் இருந்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வரும், வரதட்சணை என்று வாய் திறந்தால் இரண்டு குடும்பமும் கோர்ட்டில் நிற்கும். கடன் என்றால் கடன் கொடுத்தவன் அதே ஊரில் கட்சிக் கொடிக்கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். காதல் என்றால் சாதி வெளியே வரும். மனசு சரியில்லாமல் இருந்தான் என்றால் தம்பிக்குப் பெண் கிடைக்காது. வயிற்றுவலிக்கு மட்டும்தான் குற்றவாளி கிடையாது.

ஒரு நாள் ரைட்டருக்குப் போன் அடித்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் அழும் சத்தம் கேட்டது. காலேஜ் இரண்டாம் வருடம் படித்த பெண். அவளுடைய அப்பா. ரைட்டர் ரிசீவரை அவரிடமே கொடுத்துவிட்டார். “வயித்துவலின்னு போட்டுக்குங்க தம்பி. இன்னொருத்தி இருக்கறா” என்றார். அந்தப் பெண் யாரோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினாள், அதைப் பார்த்தவர் யார், பார்த்தவர் வீட்டில் வந்து என்ன சொன்னார், அதற்கப்புறம் அவளை எத்தனை நாள் காலேஜுக்கு அனுப்பவில்லை என்பதெல்லாம் எனக்கு மத்தியானமே தெரியும். டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். வயிற்றுவலி என்று எழுதினேன். அந்தப் பெரியவருக்கு உதவி செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பத்து வரிகள் மறுநாளோடு குப்பைக்குப் போய்விடும் என்று இருந்தேன். போகவில்லை. ஏட்டு எழுதிய அதே காரணம் ஸ்டேஷன் பதிவேட்டிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து டெல்லியில் உள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் ஏறுகிறது. ஆண்டுதோறும் அவர்கள் போடும் அறிக்கையில் ‘நோய்’ என்ற கட்டத்தில் போய் உட்காருகிறது. 2022-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் 18.4 சதவீதம் பேருக்கு நோய்தான் காரணம் என்கிறது அறிக்கை. 31.7 சதவீதத்துக்குக் ‘குடும்பப் பிரச்சினை’. எந்தக் குடும்பத்தில் பிரச்சினை இல்லை? பாதிச் சாவுகளுக்கு நாம் கண்ட காரணம் இந்த இரண்டு சொற்கள். இவற்றை வைத்துக்கொண்டு யார் என்ன திட்டம் போட முடியும்?

இருந்தாலும் அந்த அறிக்கையில் நாம் அவ்வளவு எளிதாகப் பொய் சொல்ல முடியாத சில பத்திகள் இருக்கின்றன. எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, என்ன தொழில். அவற்றை நான் நிருபராக இருந்தவரை ஒருமுறைகூடப் படித்ததில்லை. வேலையை விட்ட பிறகு, கொரோனா சமயத்தில் வீட்டில் சும்மா இருந்தபோதுதான் பிரிக்கத் தொடங்கினேன்.

2019-இல் தமிழ்நாட்டில் 13,493 பேர். 2020-இல் 16,883. 2021-இல் 18,925. 2022-இல் 19,834. மூன்றே வருடத்தில் ஆறாயிரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. ஒரு நாளைக்கு 54 பேர். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம். அவர்கள் ஜனத்தொகை நம்மைவிட எவ்வளவோ அதிகம். லட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் நாட்டின் சராசரி 12.4, நம்முடையது 25.9. இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த இடத்தில் நம்மில் படித்தவர்கள் ஒரு ஆறுதல் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். பீகாரில் விகிதம் 0.6 என்றா இருக்கும்? அங்கே எழுதுவதில்லை, இங்கே ஒழுங்காக எழுதுகிறோம், அதனால்தான் நம் எண் பெரிதாகத் தெரிகிறது என்போம். பாதி உண்மை. ஆனால் நாமும் முழுதாக எழுதுவதில்லை என்பதற்கு வேலூர் சாட்சி. அங்கே கணியம்பாடி ஒன்றியத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வருடக்கணக்காக வீடு வீடாகப் போய், ஒவ்வொரு சாவுக்கும் உண்மைக் காரணம் என்ன என்று பதமாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் ஜனங்கள். 1994 முதல் 1999 வரை அவர்கள் கண்ட விகிதம் லட்சத்துக்கு 95. நாட்டின் அரசுக் கணக்கு அப்போது பத்து, பதினொன்று என்று காட்டிக்கொண்டிருந்தது.

அவர்களே பத்து முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்து 2004-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பையன்களுக்கு லட்சத்துக்கு 58, பெண்பிள்ளைகளுக்கு 148. அந்த வயதில் செத்த பெண்களில் பாதிக்குக் குறையாதவர்கள் இப்படித்தான் செத்திருந்தார்கள். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் ஆண்கள்தான் இதில் அதிகம். கணியம்பாடியின் சின்ன வயதுக் கணக்கு அதைத் தலைகீழாக்கியது. உலகம் முழுக்கப் பேசினார்கள். அந்தக் கட்டுரை வந்த வருடம் நான் நிருபர்தான். வேலூருக்கும் எங்கள் ஊருக்கும் சில மணி நேரப் பயணம். கேள்விப்படவில்லை. என் நோட்டில் அந்த வயதுப் பெண்கள் வயிற்றுவலியோடு வரிசையாக இருந்தார்கள்.

அதே மருத்துவர்கள் 55 வயதைத் தாண்டியவர்களையும் பார்த்தார்கள். லட்சத்துக்கு 189. இளம்பிள்ளைகளைவிட அதிகம். வயசாளி செத்தால் நம் ஊரில் யாரும் எப்படி என்று கேட்பதில்லை. போஸ்ட்மார்ட்டம் இல்லாமலே காரியம் முடியும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். கல்யாணச் சாவு என்று மேளம் வைத்தோம்.

தொழில்வாரியான பத்திக்கு வருகிறேன். என்னை உட்காரவைத்த பத்தி அது.

2021-இல் தமிழகத்தில் செத்த 18,925 பேரில் தினக்கூலிகள் மட்டும் 7,673. நூற்றுக்கு நாற்பது. இந்தியாவிலேயே அதிகம், மகாராஷ்டிரமே 5,270-தான். அதே ஆண்டு இங்கே மாணவர்கள் 1,246 பேர். ஆறு கூலிக்காரருக்கு ஒரு மாணவர். மாணவர் சாவைச் சின்னதாக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீட்டின் மொத்த வெளிச்சம். ஆனால் நீட் தேர்வுக்கு ஒரு பிள்ளை இறந்தால் நாம் தெருவுக்கு வருகிறோம், தலைவர்கள் வீடு தேடிப் போகிறார்கள், சட்டமன்றம் பேசுகிறது. விவசாயி இறந்தால் அறிக்கைகளாவது வரும். சித்தாளோ சுமைதூக்கியோ பெயிண்டரோ செத்தால் எந்தக் கட்சி எந்த ஊரில் கடையடைப்பு நடத்தியிருக்கிறது? அந்தச் சாவுக்கு எதிரி யார் என்று சொல்லத் தெரியாததால் கொடி பிடிக்க முடியவில்லை. மேடைக்கு உதவாத சாவு நமக்குச் சாவாகவே படவில்லை.

நாடு முழுக்கப் பார்த்தால் தற்கொலையில் தினக்கூலிகளின் பங்கு 2014-இல் 12 சதவீதமாக இருந்தது, 2021-இல் 25.6 ஆகிவிட்டது. அந்த ஆண்டு இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு வருட வருமானம் ஒரு லட்சத்துக்குள். ஆண்களும் பெண்களும் கிட்டத்தட்ட 72-க்கு 28. வயதோ பெரும்பாலும் 18-க்கும் 45-க்கும் நடுவில். இவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓர் ஆள் எழுந்து நிற்கிறான்: முப்பத்தைந்து வயது, கல்யாணமானவன், இரண்டு பிள்ளை, வாரத்தில் நாலு நாள் வேலை, மாதம் எட்டாயிரத்துச் சொச்சம், குழுக்கடன் ஒன்று, கைமாற்று இரண்டு, சாயங்காலம் ஒரு குவார்ட்டர். அவனை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்தவன்.

குவார்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மது கிடைக்காவிட்டால் எல்லோரும் வாழ்ந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வாழ்க்கை அத்தனை எளிதல்ல. ஆனால் மனச்சோர்வில் இருப்பவன் குடிக்கும்போது சட்டென்று முடிவெடுக்கும் ஆபத்து பல மடங்கு கூடும் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. 2003-இல் மதுவின் சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. 2022–23-இல் வருமானம் 44,000 கோடியைத் தாண்டியது. அந்தக் காசில் நம் பிள்ளைகளுக்கு லேப்டாப்பும் நம் வீட்டுக்கு மிக்சியும் வந்தன என்று பெருமை பேசினோம். குடித்தவனின் வீட்டிலிருந்து எடுத்த காசு என்பதை மிக்சி ஓடும் சத்தத்தில் மறந்தோம்.

கந்துவட்டிக்கு 2003-லேயே சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், மனுநாள் திங்கட்கிழமையன்று, கடன் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே மாண்டது. பலமுறை மனுக் கொடுத்தவர்கள். அதற்கப்புறம் எங்கள் மாவட்டத்தில் நான் கண்ட மாற்றம் ஒன்றுதான்: திங்கட்கிழமைகளில் வாசலில் போலீசார் நின்று மனுக் கொடுக்க வருகிறவர்களின் பையைத் துழாவுகிறார்கள். பையில் இருந்த மனுவை யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சம்பவத்தில் குழந்தைகளும் இருந்தார்கள். இந்த மாதிரிச் செய்திகளுக்கு நாங்கள் வைக்கும் தலைப்பு ‘குடும்பத்தோடு தற்கொலை’. 2021-இல் இதிலும் தமிழகம்தான் முதலிடம், 33 சம்பவங்கள். ஐந்து வயதுப் பிள்ளை எப்படித் தற்கொலை செய்துகொள்ளும்? அது கொலை. பிள்ளை பெற்றவர்களுக்குச் சொந்தம், அவர்கள் போனால் கூடவே போக வேண்டும் என்று நாம் எல்லோரும் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருப்பதால்தான் அந்தத் தலைப்பு யாருக்கும் உறுத்தவில்லை. நான் அப்படி மூன்று தலைப்புகளுக்குச் செய்தி கொடுத்திருக்கிறேன். ஒன்றில் கைக்குழந்தை. ‘தாயுடன் குழந்தையும் தற்கொலை’ என்று வந்தது. திருத்தக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த பத்தி குடும்பத் தலைவிகள். 2021-இல் நாட்டில் 23,000-க்கு மேல். அதில் தமிழகத்தில் 3,221. இதிலும் நாம்தான் முதல். உலகக் கணக்கு இன்னும் மோசம்: 2016-இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் நூற்றுக்கு 37 பேர் இந்தியப் பெண்கள். நம் பெண்கள் உலகப் பெண்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெண்களைப் படிக்கவைத்தோம், மகப்பேறு மரணத்தைக் குறைத்தோம், மகளிர் குழு கண்டோம் என்று தமிழகம் பேசுவதெல்லாம் உண்மை. பிரசவத்தில் ஒரு பெண் செத்தால் மாவட்டத்தில் கூட்டம் போட்டு ஏன் என்று கேட்கிறார்கள், கிராமச் செவிலியர் வரை பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளால்தான் அந்தச் சாவுகள் குறைந்தன. பிரசவம் முடிந்து பிழைத்து வந்து, நாலு வருடம் கழித்து அதே பெண் இப்படிச் செத்தால், பஞ்சாயத்தார் வயிற்றுவலிக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நம் வீடுகளில் புழங்கும் பேச்சையும் சொல்ல வேண்டும். “எங்கயாச்சும் போய்ச் செத்துத் தொலை” என்பது இங்கே வசவுகூட அல்ல, சாப்பிட வா என்பதுபோலச் சாதாரணம். பிள்ளைகள் மார்க் குறைந்தால், மருமகள் குழம்பில் உப்பைக் கூட்டினால், கிழவன் இரவில் இருமினால். “நான் இருந்தா என்ன, போனா என்ன” என்று ஒருவர் சொல்லும்போது, ‘சும்மா பயமுறுத்துறா’ என்று நகர்ந்துவிடுவதும் நமக்குப் பழக்கம். சொல்கிறவர் செய்ய மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. தவறான நம்பிக்கை. சொன்னவர்கள் பலர் செய்திருக்கிறார்கள். இழவு வீட்டில் உட்கார்ந்து கேட்டால் முன்னால் சொன்ன நாளும் கிழமையும் வீட்டாருக்கு அச்சாக நினைவிருக்கும்.

தலைவர் கைதானால், தலைவர் போய்ச் சேர்ந்தால், தொண்டர்கள் உயிரை விடுவதும் இங்கே உண்டு. கட்சி அலுவலகத்தில் படம் மாட்டி, வீட்டுக்குக் காசோலை கொடுத்து, தியாகி என்றோம். அதே ஊரில் கடனால் இறந்தவனைக் கோழை என்றோம். செத்தவர்களில்கூட உசத்தி தாழ்த்தி பார்க்க நமக்கு முடிந்தது.

உதவி கேட்டுப் போகலாமே என்றால், போகும் இடத்தைத்தான் நாம் சிரிப்புப் பொருளாக்கி வைத்திருக்கிறோமே. 1794-இல் வேர்விட்டு, நாட்டின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்றாக இருப்பது கீழ்ப்பாக்கத்தில். அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கிக் காமெடி நடிகர்கள் இரண்டு தலைமுறையாகக் கைதட்டு வாங்கினார்கள். தட்டியது நம் கைதான். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 மனநோயாளிகள் தீயில் செத்தபோது ஒரு வாரம் திகைத்தோம். ஆறாம் வாரம் தியேட்டரில் அதே கீழ்ப்பாக்கம் ஜோக்குக்குச் சிரித்தோம். இன்று மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கே குறிப்பிட்ட கிழமைகளில் மனநல மருத்துவர் வருகிறார். எங்கள் ஊருக்கும் வருகிறார். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரப் பயந்து, ‘யாராவது பார்த்துட்டா?’ என்று பல் டாக்டர் அறைக்கு எதிரே நின்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயப்படுகிற அந்த ‘யாராவது’ நான்தான்.

இதெல்லாம் தலையெழுத்து, மாற்ற முடியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. மாறியிருக்கிறது. பிளஸ் டூவில் தோற்றால் ஒரு வருடம் வீணாகும் என்ற காலத்தில் ரிசல்ட் வரும் வாரம் எங்களுக்குப் பயங்கரமான வாரம். ஸ்டேஷனுக்குக் காலையிலேயே போன் அடிப்போம். பிறகு சில வாரங்களிலேயே மறுதேர்வு எழுதலாம், அந்த வருடமே கல்லூரி சேரலாம் என்று ஆக்கினார்கள். 2017-இல் ரேங்க் பட்டியல் வெளியிடுவதையும் நிறுத்தினார்கள். எங்கள் தாலுகாவில் அந்த வாரத்தின் பயங்கரம் கண்ணெதிரே குறைந்தது. யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை, தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிடவில்லை. ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து இலங்கையில் இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் உலகத்திலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்று அது. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-இல் உச்சத்தில் இருந்த விகிதம் அடுத்த இருபது வருடத்தில் எழுபது சதவீதம் சரிந்தது. இடையில் அங்கே துயரம் குறைந்துவிடவில்லை. 2009 வரை போரே நடந்தது. பல நேரம் ஒரு வேகத்தில் எடுக்கும் முடிவு அது, அந்த வேகத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு முழு ஆயுசும் வாழ்கிறார்கள் என்பதுதான் அதில் தெரிந்தது. நம்மூரிலும், சென்னை ‘சிநேகா’ அமைப்பை 1986-இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் இதையே வேறு வழியில் செய்து பார்த்தார். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமத்துக்குப் பொதுவாகப் பெட்டகம் வைத்து, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைக்கச் சொன்னார்கள். விவசாயிகள் ஒப்புக்கொண்டு வைத்தார்கள்.

2023 தொடக்கத்தில் தமிழக அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை போட்டது. நிரந்தரத் தடை போடும் அதிகாரம் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் கையில். 61-ஆம் நாள் என்ன ஆயிற்று என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. விவசாயிகள் சங்கத்தில் இருக்கும் நண்பர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருடம் எங்கள் தெருவில் நாங்கள் கூட்டம் போட்டுக் கேட்டது பிளக்ஸ் போர்டு பிரச்சினையை.

பத்திரிகைக்காரர்களுக்கும் வழிகாட்டி வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில், எப்படி என்று விவரிக்காதே, படம் போடாதே, தலைப்பில் அலறாதே என்று சொன்னது. நான் வேலையை விட்டபின் வந்தது. வந்தபின்னும் என் பழைய நண்பர்கள் அதே வாய்பாட்டில்தான் எழுதுகிறார்கள். கீழே ஒரு கட்டம் மட்டும் சேர்ந்திருக்கிறது, பொடி எழுத்தில், உதவி எண்களோடு. பத்து வரியில் செய்த கெடுதலுக்கு இரண்டு வரிப் பரிகாரம். பொடி எழுத்தில் போடுவானேன் என்று இங்கேயே எழுதுகிறேன்: மாநில அரசின் 104, மத்திய அரசின் 14416, சிநேகாவின் 044-24640050. மனசு தாங்காத யாரும் அடிக்கலாம். பக்கத்தில் இருப்பவர் தாங்காமல் தவிக்கிறார் என்று தோன்றினால், என்ன செய்வது என்று கேட்பதற்கு நாமும் அடிக்கலாம். செத்துப்போகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். கேட்டால் பாரம் இறங்கத்தான் செய்யுமாம்.

முயன்று பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து தாமதித்து ஆளைப் பறிகொடுத்த வீடுகளும் என் நோட்டில் உண்டு. 2018-இல் அமலுக்கு வந்த மனநலச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. இதை எங்கள் தாலுகாவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம்? நான் இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்தப் பெரியவரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆறேழு வருடம் கழித்து அவர் என் வீடு தேடி வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, கல்யாணப் பத்திரிகை. சின்னவளுக்கு. ‘அன்னைக்கு நீங்க பண்ணுன உதவியை மறக்கலீங்க தம்பி’ என்றுதான் கூப்பிட்டார். போனேன். ஐந்நூறு ரூபாய் மொய் எழுதினேன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவரே வந்து, பக்கத்து இலை காலியாக இருந்ததால், அதில் உட்கார்ந்துகொண்டார். கூட்டச் சத்தம். மேளம். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

“பாப்பாவுக்கு வயிறெல்லாம் நல்லாத்தானுங்க தம்பி இருந்துச்சு” என்றார். சின்னவளைச் சொல்லவில்லை.

“தெரியுமுங்க” என்றேன்.

கையை இலையில் வைத்தபடி என்னையே பார்த்தார். “தெரியுமுங்களா?” என்றார். அப்புறம் என் இலையைப் பார்த்து, இங்கே பாயசம் வரவில்லை என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.